பதினொரு மணிக்குப் பார்த்தது

"யூசர் எரர்னு போட்டு டிக்கெட்டை மூடிடும்மா" என்றார் என் மேலாளர். பயன்படுத்தியவர் செய்த தவறு என்று அதற்குப் பொருள். மென்பொருள் எழுதுகிறவர்கள் கை கழுவிக்கொள்ள வைத்திருக்கும் சொல் அது. அந்த 'யூசர்' யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. இந்தக் கதையில் அவர் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரியின் அலுவலகத்தில், பின்னறையில், காலை ஒன்பதரை மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை லோடு கணக்கைப் பதிவு போடும் ஓர் அக்கா. அவருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். ஏனென்றால் அதில் பாதி நான் செய்தது.

2017-இல் சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எட்டுப் பேரில் பெண் நான் ஒருத்திதான். பெங்களூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. சேலம் என்றால் ராசிபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்பதால் அந்த வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்த மண்ணின் தொழில்காரர்கள். லாரி புக்கிங் ஆபீஸ், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைகள், முட்டை வியாபாரிகள். அவர்களுடைய நீளமான கணக்கு நோட்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதுதான் எங்கள் பிழைப்பு.

முட்டைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை வருகிறது. சத்துணவுக்குப் போவது ஒரு பங்கு. கேரளத்துக்கு லாரியில் போவது பெரும்பங்கு. 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. அது பத்திரிகையில் வரும் விலை. அதற்கு மேல் வியாபாரிகளுக்குள் பேசி முடிக்கும் விலை ஒன்று இருக்கிறது. அது பைசாவில் ஏறும், பைசாவில் இறங்கும். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. ஒரு லோடில் 2,400 அட்டை என்றால் 72,000 முட்டை. ஒரு முட்டைக்கு 15 பைசா விட்டுப்போனால் 10,800 ரூபாய் போய்விடும்.

அந்த அக்காவிடம் கேட்கப்பட்ட தொகை அதுதான். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

நடந்தது இது. பாலக்காட்டுக்குப் போன ஒரு லோடுக்குப் பழைய விலையிலேயே பில் போயிருந்தது. வாங்கியவர் பில்லில் உள்ளபடிதான் கொடுப்பேன் என்றார். மூன்று நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. பில்லின் அடியில் 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயர். விலை ஏறியதை முதலாளி போனில் சொன்னதும் உண்மை; அக்கா "சரிங்கண்ணா" என்றதும் உண்மை. ஆகவே மாற்ற மறந்துவிட்டு மாற்றினேன் என்கிறார் என்று முடிவு கட்டினார்கள். மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வது என்று பேச்சு.

"நானு மாத்துனேனுங்க. மாத்திட்டு சேவ் குடுத்தேன். பச்சைக் கலர்ல வந்துதுங்க" என்று அக்கா எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்தார். போனை எடுத்தவள் நான். டேட்டாபேஸில் பார்த்தேன். பழைய விலைதான் இருந்தது. "இங்க மாறலைங்களே அக்கா" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி கண்ணு" என்று வைத்துவிட்டார். நானும் அவரை நம்பவில்லை என்பதை அந்த 'சரி கண்ணு' எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலாளர் யூசர் எரர் என்றார், நான் டிக்கெட்டை மூடினேன்.

ஒரு வாரம் கழித்து வேறு ஒரு வேலையாக நாமக்கல் போக வேண்டியிருந்தது. மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று பஸ் போகும்போது அந்தக் குரல் மனசுக்குள் வந்துகொண்டே இருந்தது. அலுவலகத்தில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், டீ வாங்கிவரச் சொன்னார், பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொரு நாளும் அவர் கம்ப்யூட்டரில் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். அந்த நாளில் இப்படி இருந்தது: காலை 10 மணிக்குப் பாலக்காட்டு லோடு புதிதாகப் போட்டது. பிற்பகல் 3:40-க்கு விலை 15 பைசா ஏற்றியது, அண்ணன் போன். மாலை 6 மணிக்குத் தம்பி வந்தது, டிரைவர் நம்பர் போட்டது.

தம்பி என்பது முதலாளியின் அண்ணன் மகன். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அக்கா மாற்றியிருந்தார். அவர் மாற்றியதை அழித்தது நான் எழுதிய நிரல்.

எப்படி என்று சொல்கிறேன். கணினி படிக்காதவர்களுக்கும் இது புரியும். கணினி படிக்கும் மாணவிகள் இதை மறக்காமல் இருந்தால் நல்லது.

இணையத்தில் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், அது கொடுக்கிறது, கொடுத்த கையோடு உங்களை மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோண்டுல்லி என்பவர் குக்கீ என்ற சின்ன அடையாளச் சீட்டைக் கொண்டுவந்தார். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டைக் காட்டினால், சர்வர் 'ஓ, அதே ஆளா' என்று தெரிந்துகொள்ளும். அப்படி ஓர் ஆளுக்காகச் சர்வர் தன்னிடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஞாபக இடத்துக்கு செஷன் என்று பெயர். நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை, அல்லது நேரம் முடியும் வரை அது இருக்கும்.

டேட்டாபேஸ் பக்கமும் ஒரு செஷன் உண்டு. அது வேறு. நாங்கள் ஜாவாவில் எழுதினோம். டேட்டாபேஸோடு பேசுவதற்கு ஹைபர்நேட் என்ற கருவியை வைத்திருந்தோம். 2001-இல் கேவின் கிங் தொடங்கியது அது. டேட்டாபேஸ் அட்டவணையில் இருக்கும் ஒரு வரியை எடுத்து, நிரலில் கையாளக்கூடிய ஒரு ஆப்ஜெக்டாக அது மாற்றித் தரும். ஒரு லாரி லோடு ஒரு வரி. லாரி எண், டிரைவர், அட்டை, விலை எல்லாம் சேர்ந்து ஓர் ஆப்ஜெக்ட். இந்த செஷன் கண்ணிமைக்கும் நேரம்தான் திறந்திருக்கும். அது திறந்திருக்கும் வரை ஆப்ஜெக்டுக்கும் டேட்டாபேஸுக்கும் தொடர்பு இருக்கும். மூடியதும் ஆப்ஜெக்ட் பிரிந்துவிடும். அதன்பின் அது வெறும் நகல். மூல வரியில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது.

இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று மணிக்கணக்கில் வாழும்; இன்னொன்று நொடிக்குள் செத்துவிடும். குட்டி செஷனில் பிறந்த ஆப்ஜெக்டைத் தூக்கிப் பெரிய செஷனில் போட்டு வைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

ஏன் செய்தேன்? லோடு பதிவு மூன்று பக்கமாக இருந்தது. முதல் பக்கத்தில் லாரி, டிரைவர்; இரண்டாவதில் அட்டைக் கணக்கு; மூன்றாவதில் விலை. மூன்று பக்கத்தையும் தாண்டி வரும் வரை ஆப்ஜெக்டை எங்காவது வைத்திருக்க வேண்டும். செஷனில் வைப்பது சுலபம். ஒரே வரி நிரல். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டிய வேலை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவும் வேண்டும். வைத்தேன். அதோடு, "அடிக்கடி பாஸ்வேர்டு கேக்குதுங்க அம்மணி, தொந்தரவா இருக்குது" என்று முதலாளி சொன்னதால் செஷன் நேரத்தை எட்டு மணி நேரமாக நீட்டிக் கொடுத்ததும் நான்தான்.

தம்பி அன்று காலை பதினொரு மணிக்கு அந்த லோடைத் திறந்தார். அப்போதைய விலையோடு ஒரு நகல் அவருடைய செஷனில் உட்கார்ந்தது. டிரைவர் நம்பர் கையில் இல்லை; அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். 3:40-க்கு அக்கா விலையை மாற்றினார், டேட்டாபேஸில் மாறியது, பச்சை வந்தது. ஆறு மணிக்குத் தம்பி திரும்பி வந்து, அதே திரையில் டிரைவர் நம்பரை மட்டும் அடித்து சேவ் கொடுத்தார். என் நிரல் அவர் அடித்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதவில்லை. பதினொரு மணி நகலை முழுசாகக் கொண்டுபோய் வரியின் மேல் எழுதியது. விலை பழையபடி ஆனது. தம்பிக்கு அது தெரியாது. அவருக்கும் பச்சை வந்தது. அவர்தான் பில்லையும் எடுத்தார். பில்லில் 'பதிவு செய்தவர்' என்று அச்சானது முதலில் வரியை உருவாக்கியவர் பெயர். கடைசியாக மாற்றியவர் யார் என்று வைப்பதற்கு நான் இடமே விடவில்லை.

கணினிப் பாடத்தில் இதற்கு 'இழந்த திருத்தம்' என்று பெயர். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் பாடப்புத்தகத்தில் இருந்தவை டி1, டி2 என்ற இரண்டு பரிவர்த்தனைகள். இரண்டும் சமம். நாமக்கல்லில் அவை சமமாக இல்லை. இரண்டில் ஒன்று முதலாளியின் அண்ணன் மகன். இன்னொன்று சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண். கடைசியில் எழுதியவர் எழுத்து நிற்கும் என்பது டேட்டாபேஸின் நியாயம். எழுத்து அழிந்துபோனால் யாரைச் சந்தேகிப்பது என்பதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு நியாயம் இருந்தது. என் நிரல் அந்த இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அம்மா நினைவு வந்தது. ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவிய கை அவருடையது. எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராகவும் இருந்தார். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. அடுத்து வந்த மாவட்டங்களில் அன்றைய சேலமும் ஒன்று. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, அது 1997-இல்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரக் கூட்டம் நடக்கும். புதிதாக ஒரு வரி எழுதும் முன் போன வாரம் எழுதியதை முழுசாகச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். யார் யார் எவ்வளவு கட்டினார்கள், யார் கடன் வாங்கினார்கள், என்ன தீர்மானம். எனக்குச் சலிப்பாக இருக்கும். "அதான் போன வாரமே எழுதியாச்சே, மறுபடியும் எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறேன். "எழுத்துத் தெரியாதவங்க பணமும் இதுல இருக்குது சாமி. நான் என்ன எழுதுனேன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்ல" என்பார். வாசிக்கும்போது யாராவது நிறுத்துவார்கள். "இல்லைக்கா, நான் இருபது கட்டினேன், பத்துன்னு இருக்குது." நிறுத்தினால் நின்றாக வேண்டும். சரி பார்த்துத் திருத்திய பிறகுதான் அடுத்த வரி.

அந்த நோட்டு முறையை அப்படியே கணினிக்குள் கொண்டுவரலாம். வரியோடு ஒரு பதிப்பு எண் வைப்பது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எண் ஒன்று கூடும். எழுத வருகிறவர், தான் படித்த எண்ணைச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸில் இருக்கும் எண் அதுவேயானால் எழுதலாம். இல்லையென்றால் நடுவில் யாரோ எழுதியிருக்கிறார்கள். நில், முதலில் அதைப் படி. ஹைபர்நேட்டில் இதற்கு ஒரே ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும். நகல் பழையதாக இருந்தால் அது எழுத மறுத்துவிடும். அந்த மறுப்புக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஊசிப்போன ஆப்ஜெக்ட்'.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்பரா லிஸ்கோவ். எங்கள் கல்லூரியில் நிரல் வடிவமைப்புக்கு ஐந்து விதிகள் சொல்லித் தந்தார்கள். அதில் ஒன்று லிஸ்கோவ் விதி. மூன்று வருடம் அந்தப் பெயரை ஓர் ஆணின் பெயர் என்றே நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வேறு மாதிரியும் சொல்லவில்லை. அவர் 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், 2008-க்கான டூரிங் விருது பெற்றவர். 1990-களில் எம்.ஐ.டி.யில் அவருடைய குழு தார் என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸை உருவாக்கியது. பயன்படுத்துகிறவரின் இயந்திரத்தில் ஆப்ஜெக்ட்டுகளின் நகல்களை வைத்துக்கொண்டு வேகமாக வேலை செய்யலாம். ஆனால் எழுதி முடிக்கும் தருணத்தில், நீ படித்தது இன்னும் பழசாகாமல் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளப்படும். எங்கள் திண்ணைக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நகலை மூலமாக நினைக்காதே என்ற எச்சரிக்கை இரண்டு இடத்திலும் இருந்தது. எனக்கு இரண்டு இடமும் தெரிந்திருந்தும் நான் எழுதிய நிரலில் அது இல்லை.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. "பக்னு ஒத்துக்கிட்டா பத்தாயிரத்தை நம்மகிட்ட கேப்பாங்க. அந்தம்மாகிட்ட நீ தனியா சாரி சொல்லிடு" என்றார். இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும். சம்பள உயர்வு வரவிருந்த மாதம் அது. வேலை போனால் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் என்ற பயமும் இருந்தது. என்னிடம் இருந்த கொஞ்சம் சுதந்திரமும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணின் மூன்று மாதச் சம்பளத்தில் கைவைக்கச் சம்மதித்தேன், இரண்டு நாளுக்கு.

மூன்றாம் நாள் மூடிய டிக்கெட்டைத் திறந்து, காரணத்தை நேரத்தோடு எழுதி, முதலாளிக்கும் ஒரு நகல் போகும்படி அனுப்பினேன். அக்காவின் பிடித்தம் நின்றது. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, விடுங்க, இனிமே பாத்துப் பண்ணுங்க" என்று முதலாளி சொன்னாராம். எனக்கு அந்த வருடம் உயர்வு வரவில்லை.

பிறகு உட்கார்ந்து திருத்தினேன். செஷனில் ஆப்ஜெக்டை வைப்பதை எடுத்துவிட்டு, லோடின் எண்ணை மட்டும் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரியை டேட்டாபேஸிலிருந்து புதிதாகப் படிக்கச் செய்தேன். பாதியில் நிற்கும் பதிவுகளுக்கு டேட்டாபேஸிலேயே ஒரு வரைவு அட்டவணை போட்டேன். பதிப்பு எண் சேர்த்தேன். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார்கள் என்று ஒரு வரலாற்று அட்டவணையும் வைத்தேன். எல்லாம் சேர்த்து நான்கு நாள் வேலை.

பழைய நகலோடு வருகிறவருக்குத் திரையில் என்ன சொல்வது என்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. முதலில் 'பிழை' என்று சிவப்பில் போட்டிருந்தேன். அது பிழை அல்லவே. கடைசியில் இப்படி எழுதினேன்: 'நீங்கள் திறந்த பிறகு இந்தப் பதிவை இன்னொருவர் மாற்றியிருக்கிறார். அவர் மாற்றியதை முதலில் படியுங்கள்.' கீழே மாற்றியவர் பெயர், நேரம், பழைய விலை, புதிய விலை.

முதல் வாரமே தம்பியிடமிருந்து போன். "அந்தக்கா மாத்துனா நான் எதுக்குங்க நிக்கோணும்?"

வேறு விதமாகக் கேட்டிருந்தால் பயன்பாட்டுக் குறை என்று குறித்துக்கொண்டிருப்பேன். அவர் கேட்ட விதத்தில் எல்லாமே இருந்தது. "யாரு மாத்துனாலும் யாராயிருந்தாலும் நிக்கோணுமுங்க" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. நிரலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பதால் என்னோடு சண்டை போடவும் வழியில்லை.

இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரலாற்று அட்டவணை அக்காவைக் காப்பாற்றத்தான் வைத்தது. ஆறு மாதத்தில் முதலாளி அதிலிருந்து ஒரு பட்டியல் கேட்டார்: அக்கா சாப்பிடப் போன பிறகு எத்தனை மணிக்கு முதல் பதிவு போடுகிறார் என்று. தம்பியின் நேரத்தை அவர் கேட்கவில்லை. எல்லோருடைய பெயரும் இருக்கும் பட்டியலாகத்தான் தர முடியும் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அந்த இடத்தில் வேலை பார்க்கும் ஆள் தந்திருக்கலாம்.

அந்த நிறுவனத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது வேறு ஊரில், பெரிய குழுவில், நிறையப் பெண்களோடு வேலை. புதிதாக வரும் பெண்களின் நிரலைப் பார்க்கும்போது செஷனில் ஆப்ஜெக்ட் இருந்தால் எண்ணை மட்டும் வை என்று எழுதுவேன். ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். 'யூசர் எரர்' என்று எழுதும் முன் அந்த யூசரோடு ஒருமுறை பேசு என்றும் சொல்வேன்.

கடைசியாக நாமக்கல் போனபோது அக்காவைப் பார்த்தேன். அதே பின்னறை. மேசையில் புது நாற்பது பக்க நோட்டு.

"இப்பத்தான் கம்ப்யூட்டரே எல்லாத்தையும் எழுதி வச்சுக்குதுங்களே அக்கா, அப்புறம் எதுக்கு நோட்டு?" என்றேன்.

"அது அவிங்க வச்சிருக்கற கணக்கு கண்ணு" என்றார். "இது நான் வச்சிருக்கறது."